லயத்து வீட்டுக்குச் செவிப்புலனற்ற வழிகாட்டியை அழைத்துப் போவது எப்படி

காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வளர்ந்து, வேலை செய்து, குடும்பம் நடத்தும் காது கேளாத ஒருவரை அந்த வீட்டார் அதுவரை பார்த்தே இருக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்த, காது கேளாத ஒருவர் வழிகாட்டியாகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போவது அதற்காகத்தான். அவர் பாடம் முதலில் வீட்டாருக்கு, பிறகுதான் பிள்ளைக்கு.

பிறந்து 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் குடும்பத்துக்கான உதவி என்பது உலகில் பரவலாக ஏற்ற கணக்கு. தோட்டங்களில் பெரும்பாலும் பிந்தித்தான் தெரியவரும். ஆகவே காது மெஷின் வரட்டும் என்று காத்திருக்காமல், குறை உறுதியான கிழமையே தொடங்குங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு நேரடிச் சோதனை: நேற்றைய நாளை ஐந்து நிமிடம் இன்னொரு செவிப்புலனற்றவருக்குச் சைகையில் சொல்லச் செய்யுங்கள். மற்றவர் அதை விளங்கித் திருப்பிச் சொன்னால் போதும். பள்ளிக்கே போகாமல், வீட்டாரோடு மட்டும் பழகிய வீட்டுச் சைகை தெரிந்தவர் நல்ல துணையாகலாம். பிள்ளைக்கு மொழி கொடுக்க அது போதாது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் செவிப்புலனற்றோருக்கான நஃபீல்ட் பாடசாலையில் படித்தவர் தமிழில் எழுதிக் காட்டுவார். சிங்களமொழிமூலம் படித்தவர் எழுதுவதைத் தாய் வாசிக்க முடியாமல் போகலாம். அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். பஸ் காசும் நாட்கூலியும் அன்றே கையில் கொடுங்கள். இதைச் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கினால் நல்ல வழிகாட்டி நிலைக்க மாட்டார்.

கிழமைக்கு ஒரு மணித்தியாலம். பறித்த கொழுந்தை நிறை போட்டுவிட்டுத் தாய் வீடு வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு வையுங்கள். ஞாயிறு என்றால் கைக்காசு வேலை (கூடுதல் காசுக்குச் செய்யும் வேலை) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

லயத்து அறை இருட்டு. வழிகாட்டியின் முகத்திலும் கையிலும் வாசல் வெளிச்சம் விழ வேண்டும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அவர் நிழலுருவம் மட்டுமே தெரியும். பூப்போட்ட, கட்டம் போட்ட சட்டை கண்ணைக் குழப்பும். குளிருக்குப் போட்ட சுவெட்டர் கையை மணிக்கட்டுக்கு மேல் மடித்துவிடுங்கள். தரையைத் தட்டிக் கூப்பிடும் வழக்கம் மரத்தரைக்குச் சரி, சீமெந்துத் தரையில் அதிர்வு போகாது. கையசையுங்கள், அல்லது தோளை மெல்லத் தொடுங்கள்.

முதல் நாள் சைகைப் பாடம் வேண்டாம். அப்பாயி (அப்பாவின் அம்மா) கேட்கட்டும்: "நீங்க எங்க படிச்சீங்க? கல்யாணம் ஆச்சா?" மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் வழிகாட்டிக்கு இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள். "அவர்கிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் வீட்டார் சொல்லத் தொடங்கினால், வழிகாட்டியிடமே நேராகப் பேசும்படி உடனே திருத்துங்கள். வாய்விட்டுப் பேசிக் காட்டும்படி வழிகாட்டியைக் கேட்கவும் விடாதீர்கள், அது அவமதிப்பு. மெஷின் போடுவதா, காதுக்குள் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை செய்வதா என்பதில் வழிகாட்டி தீர்ப்புச் சொல்லக்கூடாது. சைகை பழகினால் பேச்சு வராது என்று யாராவது பயந்தால் மட்டும், சைகை பேச்சைத் தடுக்காது என்று தெளிவாகச் சொல்லலாம்.

இரண்டாம் நாளிலிருந்து கண்தான் பாடம். கேட்கும் பிள்ளை வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டே "பழம்" என்ற சொல்லையும் கேட்கும். இந்தப் பிள்ளை பழத்தைப் பார்க்கும் நேரம் அம்மாவின் கையைப் பார்க்காது. அப்போது காட்டிய சைகை வீண். பழத்தைத் தாயின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்து, சைகை காட்டி, பிறகே கொடுக்க வேண்டும். மனதுக்குள் ஐந்துவரை எண்ணச் சொல்லுங்கள். அநேகமான தாய்மார் இரண்டிலேயே அவசரப்படுவார்கள். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பவே கூடாது, பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடும். மடியில் இருந்தால் பிள்ளையின் உடம்பிலேயே சைகை வைக்கலாம். முதுகில் கட்டியிருக்கும்போது எதுவும் தெரியாது. இறக்கி முன்னால் வைத்த பிறகே பேசுங்கள். வழிகாட்டி ஒருமுறை செய்து காட்டட்டும். பத்து நிமிடம் தாய் செய்ய, அவர் பார்க்கட்டும்.

முதல் பத்துச் சொற்களை வீட்டார் தெரிவுசெய்யட்டும்: பால், ரொட்டி, தண்ணி, சுடுது, வா, இன்னும், போதும், அம்மா, அப்பாயி, தூக்கம். நிறமும் எழுத்தும் பிறகு வரலாம். "சுடுது" அடுப்படியில் உயிர் காக்கும். ஒவ்வொன்றையும் போனில் பத்து வினாடி வீடியோவாக எடுத்து வைத்தால் சிக்னல் இல்லாத லயத்திலும் பார்க்கலாம், அப்பா கொழும்பில் வேலை செய்தால் அவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பிள்ளையின் கைவடிவம் கோணலாக வந்தால் அது மழலை. விரலைப் பிடித்து வளைக்காமல், சரியான சைகையிலேயே பதில் கொடுங்கள்.

அடிக்கடி பிழைக்கும் இடம் இதுதான்: வழிகாட்டி வந்ததும் தாய் சமைக்கப் போய்விடுவார். பிள்ளை வழிகாட்டியோடு அழகாகச் சைகை பேசும். வீட்டில் யாரோடும் பேசாது. அப்படியானால் அமர்வையே அடுப்படிக்கு மாற்றுங்கள், மாவு பிசையும்போதே பாடம் நடக்கட்டும். பகலெல்லாம் பிள்ளை இருப்பது புள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) என்பதால், மாதம் ஒருமுறை வழிகாட்டி அங்கேயும் போய் அதே பத்துச் சொற்களைப் பொறுப்பாளருக்குக் காட்ட வேண்டும்.

ஒரு கொப்பி வையுங்கள். பிள்ளை தானாகக் காட்டிய சைகை எது, யாரிடம் காட்டியது என்று மட்டும் எழுதுங்கள். நாலு கிழமை தொடர்ந்து அம்மாவின் பெயரே வந்தால், அடுத்த வருகையை அப்பாவும் அப்பாயியும் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள்.