மவுண்ட் மிட்செலுக்கு ஒரு நாள்: இலையைக் கீழே பாருங்க, ஸ்வெட்டரை மேலே போடுங்க

அக்டோபர்ல குடும்பத்தோட வட கரோலினாவின் மவுண்ட் மிட்செல் மாநிலப் பூங்காவுக்குப் போறீங்களா? முதல்லயே சொல்லிடறேன், இலையுதிர் காலத்து வண்ண இலை உச்சியில கிடையாது. 6,684 அடியில நிக்கிறது ஸ்ப்ரூஸ், ஃபர்ங்கிற ஊசியிலை மரங்கள். வருஷம் பூரா பச்சைதான். சிவப்பும் மஞ்சளும் மேலே போற மலைச்சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வே ஓரமாத்தான். அதனால ஏறும்போதே நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மாச ஆரம்பத்துல உயரமான சரிவுகள் மாறும், கடைசியில கீழே இருக்கிற ஆஷ்வில் ஊர்ப் பக்கம்.

பார்க்வேயில பெட்ரோல் பங்க் இல்லை, ஊருக்குள்ளயே நிரப்பிக்கங்க. சாலை திறந்திருக்கான்னு காலையில ஒரு தடவை பார்த்துடுங்க.

குளிரைத்தான் குறைச்சு எடை போடுவோம். ஆஷ்வில்லைவிட மேலே சுமார் 15 டிகிரி ஃபாரன்ஹீட் கம்மி, காத்து வேற. முதல் தடவை சின்னவளை டி-ஷர்ட்டோட கூட்டிட்டுப் போய், கீழே விரிக்கக் கொண்டுபோன ஜமுக்காளத்தைச் சுத்தித் தூக்கிட்டு நின்னேன். புளியோதரை கல்லு மாதிரி இறுகிப்போச்சு. இப்பல்லாம் ஃபிளாஸ்க்ல ரசம்தான்.

வண்டி நிறுத்துற இடத்துலேருந்து உச்சி மேடைக்கு கால் மைல்தான். தளம் போட்ட பாதை, ஆனா செங்குத்து. ஸ்ட்ரோலரைத் தள்ள ரெண்டு பேர் வேணும். அங்கே எலிஷா மிட்செலின் கல்லறை இருக்கு. இந்த மலையோட உயரத்தைச் சரிபார்க்க வந்தவர், 1857-ல அருவியில விழுந்து இறந்தார். பெரியவன் அதைக் கேட்டதும் கம்பியை விட்டு ரெண்டடி பின்னால போயிட்டான்.

இறங்கும்போது வளைவுகள் ஜாஸ்தி. யாருக்காவது வாந்தி வரலாம், பிளாஸ்டிக் பையைக் கைக்கெட்டுற இடத்துல வைங்க. இருட்டுறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க, அந்த ரோட்ல விளக்கே இல்லை.