வேலைய விட்டுட்டு கொஞ்ச மாசம் நிக்கப் போறீங்களா? பேப்பர் போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் முடிச்சிடுங்க

ஐடில பத்து வருஷத்துக்கு மேல ஓடுனவங்க கிட்ட பேசுனா இப்போ பாதிப் பேர் சொல்றது இதுதான், கொஞ்ச நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு சும்மா இருக்கணும்னு. அதுல தப்பே இல்ல. ராத்திரி பன்னெண்டு மணி மீட்டிங் கால் முடிச்சுட்டு, காலைல ஏழு மணிக்கு புள்ளைய வேன் ஏத்தி விட்டு, மறுபடி ஒம்போதரைக்கு லாகின் பண்ற உடம்பு ஒரு நாள் இல்ல ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனமே 2019ல பர்ன்அவுட்ட, அதாவது வேலை அழுத்தத்துல ஆள் மொத்தமா சோந்து போறத, வேலையால வர்ற நிலைன்னு ஐசிடி-11ங்கிற தன்னோட நோய் வகைப்பாட்டு பட்டியல்ல சேத்திருக்கு. ஆனா பிரேக் எடுத்தும் நிம்மதியே இல்லாம போனவங்கள நான் பாத்திருக்கேன், ரெண்டாவது மாசமே பேங்க் பேலன்ஸ பாத்து பயந்து தூக்கம் போயிடும், அப்புறம் கிடைச்ச வேலைல போய் உக்காந்துடுவாங்க. பயம் இல்லாத பிரேக்தான் ஓய்வு, அதுக்கான வேலைய சம்பளம் வர்றப்பவே முடிச்சாகணும்.

மொதல்ல வேலைதான் பிரச்சினையா இல்ல மேனேஜரும் ஷிஃப்டுமான்னு பாருங்க. சேத்து வச்ச லீவுல பத்து நாள் எடுத்து ஆபீஸ் போன சுத்தமா ஆஃப் பண்ணிடுங்க. திரும்பிப் போனதும் ஒரு ஆளோட பேர் ஸ்கிரீன்ல வந்தா மட்டும் வயித்த கலக்குதுன்னா ப்ராஜெக்ட் மாத்த கேக்குறதே போதும். ஹெச்ஆர் கிட்ட சபாட்டிகல் (வேலைய விடாமலே எடுக்குற நீண்ட லீவு) இல்லன்னா சம்பளமில்லாத லீவு பாலிசி இருக்கான்னும் கேளுங்க, சில கம்பெனில இருக்கு, கேக்குறவங்க கம்மி. கிடைச்சா அந்த மாசங்கள்ல ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் ஓடுமான்னு மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க.

இனி காசு. ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்டயும் கார்டு ஸ்டேட்மெண்டயும் பிரிண்ட் எடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரோட இல்ல வீட்டம்மாவோட உக்காந்து பேனால கோடு போடுங்க. ஆறு மாசத்துக்கு எடுத்தா பத்தாது, ஏன்னா நம்ம வீட்டு செலவு பாதி மாசா மாசம் வர்றதே இல்ல. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி துணி, கார் இன்சூரன்ஸ், சொத்து வரி, ஊர்ல கொடை, அக்கா பொண்ணுக்கு தாய்மாமன் சீர், முகூர்த்த மாசத்துல வரிசையா மொய். எல்லாத்தையும் கூட்டி பன்னெண்டால வகுங்க, வர்ற நம்பர் நீங்க நினைச்சத விட கண்டிப்பா பெருசா இருக்கும். அத, எத்தன மாசம் நிக்கப் போறீங்களோ அதோட நாலு மாசம் கூட்டி பெருக்குங்க. மாசம் 65,000 ஆகுது, ஆறு மாசம் நிக்கணும்னா 6,50,000 தனியா எஃப்டில இருக்கணும், பிஎஃப், நகை, ஷேர் இத எல்லாம் இந்தக் கணக்குல சேக்கவே கூடாது. கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருந்தா அத அடைச்சிட்டு அப்புறம் பேப்பர் போடுங்க, இதுல நான் கொஞ்சம் கறார்தான்.

பிஎஃப்ல கை வைக்காதீங்க, தொடர்ந்து 5 வருஷம் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வேற போகும். கிராஜுவிட்டிக்கும், அதாவது வேலைய விடுறப்போ கம்பெனி குடுக்குற பணிக்கொடைக்கும், 5 வருஷம் முக்கியம். கடைசி பேசிக்க 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தன வருஷமோ அத்தனையால பெருக்கணும், பேசிக் 40,000னா 5 வருஷத்துக்கு 1,15,000 சொச்சம் வரும், ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போட்டா அது கிடைக்கும்னா தள்ளிப் போடலாமே. நிக்குற மாசத்தையும் யோசிங்க. 2025-26 கணக்குல புது வரி முறைல (நியூ ரெஜீம்) 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி கிடையாது, வருஷம் 24 லட்சம் வாங்குறவர் செப்டம்பர் கடைசில நின்னா அந்த வருஷ சம்பளம் 12 லட்சம்தான், வேற வருமானம் பெருசா இல்லன்னா சம்பளத்துல முன்கூட்டியே புடிச்ச வரி (டிடிஎஸ்) ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ ரீஃபண்டா வந்துடும்.

நிறைய பேர் கோட்டை விடுறது மெடிக்கல் இன்சூரன்ஸ்ல. ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும், அதுல அப்பா அம்மாவ சேத்திருந்தா அவங்களுக்கும் சேத்துதான். தனி பாலிசில விபத்து தவிர மத்ததுக்கு மொத 30 நாள் கிளெய்ம் கிடையாது, ஏற்கனவே சுகர் பிபி இருந்தா 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். அதனால நோட்டீஸ் பீரியட் ஆரம்பிச்ச வாரமே தனி பாலிசி எடுத்துடுங்க, 90 நாள் நோட்டீஸ் இந்த ஒரு விஷயத்துக்கு நல்லதுதான். குரூப் பாலிசி குடுத்த அதே கம்பெனில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கு, காத்திருந்த காலமும் கணக்குல வரும், ஹெச்ஆர் கிட்ட கேட்டு ஃபார்ம் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22லேந்து தனிநபர் பாலிசிக்கு இருந்த 18% ஜிஎஸ்டியும் போயிடுச்சு.

லேப்டாப் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி சொந்த மெயில்ல போட்டுக்கோங்க.

வீட்ல சொல்றது தனி வேலை. அரசாங்க வேலைல முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆன அப்பா கிட்ட போய் "ரொம்ப டயர்டா இருக்குப்பா"ன்னு சொன்னா "எங்களுக்கு மட்டும் டயர்டா இல்லையா"ன்னுதான் வரும். அந்தக் கணக்கு பேப்பர கைல குடுங்க, இத்தன மாசத்துக்கு காசு இருக்கு, இன்சூரன்ஸ் போட்டாச்சு, இன்ன மாசம் வேலை தேட ஆரம்பிப்பேன்னு. படிச்சுட்டு கண்ணாடிய கழட்டி வச்சிட்டு "இஎம்ஐ இதுல இருக்கா"ன்னு கேட்டார்னா பாதி ஒத்துக்கிட்டார்னு அர்த்தம். சொந்தக்காரங்க கேட்டா எல்லாரும் ஒரே பதில் சொல்லுங்க, லீவுல இருக்கான், அவ்வளவுதான்.

மொத மாசம் எதுவும் பண்ணாதீங்க. கோர்ஸ் சேராதீங்க, சர்டிஃபிகேஷன் வேண்டாம், யூட்யூப் சேனல் வேண்டாம். நைட் ஷிஃப்ட் பாத்த உடம்பு பகல் கணக்குக்கு திரும்பவே வாரக்கணக்குல ஆகும், தூங்குங்க, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடங்க. இன்னொன்னு, "வீட்லதானே இருக்க"ன்னு கேஸ் புக்கிங்லேந்து மாமாவ ஏர்போர்ட்ல விடுறது வரைக்கும் எல்லாம் உங்க தலைல வந்து விழும், பொம்பளைங்களுக்கு கேக்கவே வேண்டாம், மூணு வேளை சமையலே பிரேக்க முழுங்கிடும். அதனால வேலைக்கு வர்ற அக்காவ நிறுத்தாதீங்க, அவங்க சம்பளத்தையும் கணக்குல சேருங்க, யார் எது பண்றதுன்னு முன்னாடியே பேசிடுங்க. மாசம் ஒன்னு தாண்டியும் தூக்கம் வரலை, எதுலயும் பிடிப்பில்லைன்னா டாக்டர பாருங்க, 14416 அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி-மானஸ் நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அதுக்கப்புறம் யோசிக்கலாம். ஒரு நோட்டுல பழைய வேலைல எத மிஸ் பண்றீங்க, எது இல்லாதது நிம்மதியா இருக்குன்னு தோணுறப்போ எழுதிட்டே வாங்க. கோடிங் மிஸ் ஆகுது, டீம் கால் மிஸ் ஆகலைன்னா துறைய மாத்த வேண்டாம், ரோல மாத்துனா போதும். வேலையே ஞாபகம் வரலைன்னா அது வேற பதில், மனசுல இருக்குற வேற வேலைய பாக்குற நாலு பேர நேர்ல போய் பாருங்க, சம்பளம் எவ்வளவுன்னும் கூச்சப்படாம கேளுங்க.

கைல நாலு மாச காசு மிச்சம் இருக்கப்பவே தேட ஆரம்பிச்சுடுங்க. லிங்க்ட்இன்ல 2022லேந்து கேரியர் பிரேக்னே போட இடம் இருக்கு, மறைக்காம போடுங்க, இன்டர்வியூல ரெண்டு வரில சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுங்க. மத்தவங்க 90 நாள் நோட்டீஸ்ல மாட்டிட்டு இருக்கப்போ நீங்க உடனே சேரக்கூடிய ஆள் (இமீடியட் ஜாயினர்), அது ரெக்ரூட்டருக்கு பெரிய விஷயம், அதனால பழைய சம்பளத்துக்கு கீழ இறங்காதீங்க. ஷிஃப்ட் டைமிங், வீக்எண்ட் சப்போர்ட், வாரத்துல ஆபீஸ் எத்தன நாள், இந்த மூணையும் ஆஃபர அக்செப்ட் பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு பதில் வாங்கிடுங்க.