அமெரிக்கக் கல்யாணமும் சட்டமும்: நம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

"அமெரிக்காவில் சட்டம் எப்படி?" என்று கேட்பதிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. எந்த மாநிலம் என்று கேட்க வேண்டும். திருமணத்துக்கும் விவாகரத்துக்கும் அங்கே நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் கிடையாது. கலப்பு இனத் திருமணத்துக்கு இருந்த தடையை 1967-ல் நீக்கியதும், ஒரே பாலினத் திருமணத்தை 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கியதும் உச்ச நீதிமன்றம்தான். ஆனால் திருமண லைசென்ஸ் (கல்யாணத்துக்கு முன் வாங்கும் அனுமதி) முதல் ஜீவனாம்சம் வரை மாநிலம் வைத்ததே சட்டம். டெக்சாஸில் இருக்கும் பெண்ணுக்கு கலிஃபோர்னியா சித்தி சொல்லும் யோசனை பல நேரம் பொருந்தாது.

அங்கே கோயிலில் கல்யாணம் வைப்பவர்கள், பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நம்மூரில் தாலி கட்டிய பிறகு பதிவு அலுவலகம் போகிறோம். அங்கே வரிசை தலைகீழ். முதலில் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் லைசென்ஸ், பிறகுதான் சடங்கு. நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்கியபின் பொதுவாக 24 மணி நேரமும், டெக்சாஸில் 72 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் காத்திருப்பு இல்லை; 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், நடத்திவைத்தவர் கையெழுத்திட்டு 10 நாளுக்குள் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். விருந்து களேபரத்தில் அந்தத் தாள் யார் பையிலோ தங்கிவிடக் கூடாது.

அதே படிவத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: கல்யாணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளப்போகும் பெயர். இன்ஷியலோடு வளர்ந்த நமக்குக் கடைசிப் பெயர் என்பதே குழப்பம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் இருக்கும்; கணவர் பக்கம் போனால் அது மாமனார் பெயர்! கவுன்ட்டரில் நின்றுகொண்டு அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் அந்தக் கட்டத்தைத் தவறாக நிரப்பிவிட்டு, பிறகு மனம் மாறினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே கணவன் மனைவி என்ற பேச்சு அமெரிக்கர்களிடமே உண்டு. அப்படி ஒரு கணக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அது திருமணம் ஆகாது. டெக்சாஸிலோ, மணமானவர்கள் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அங்கே சேர்ந்து வாழ்ந்து, வெளியிலும் அப்படியே சொல்லிக்கொண்டால் வருஷக் கணக்கே வேண்டாம். அதை முடிக்க விவாகரத்தே தேவைப்படலாம்.

"அங்கே எல்லாரும் பிரிந்துவிடுகிறார்கள்" என்று பேசுவதையும் நிறுத்தலாம். 1981-ல் ஆயிரம் பேருக்கு 5.3 விவாகரத்து நடந்தது, 2022-ல் 2.4. மாறியிருப்பது வேறு: கல்யாணமே தள்ளிப்போகிறது. 1956-ல் ஆணுக்கு 22.5, பெண்ணுக்கு 20.1 என்றிருந்த முதல் திருமண வயது, இன்று ஏறக்குறைய 30, 28. பிறக்கும் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் மணமாகாத தாய்மாருக்கு. அப்படிச் சேர்ந்து வாழ்பவர்களுக்குக் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரியிலேயே தகப்பன் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. கணவனுக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை மணமாகாத தகப்பனுக்குக் கிடையாது.

விவாகரத்தில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இரண்டு இடத்தில். "நான் சம்மதிக்காமல் எப்படி நடக்கும்?" என்பது ஒன்று. 1970-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி 2010-ல் நியூயார்க் வரை, யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே பிரிய எல்லா மாநிலங்களும் வழி செய்துவிட்டன. பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் கேட்டாலே போதும். "வீடு என் பேரில்தானே" என்பது இன்னொன்று. கலிஃபோர்னியா, டெக்சாஸ் உட்பட 9 மாநிலங்களில் மணவாழ்க்கையில் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சொந்தம். அம்மா போட்ட நகை பெண்ணுடையதே. அதை விற்று வீட்டுக்குப் போட்டால் ரசீதையும் வங்கிக் கணக்கையும் பத்திரமாக வையுங்கள்.

கடைசித் தவறு இங்கே நடக்கிறது, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. திருப்பதியில் 1975-ல் மணந்த ஒரு தம்பதியில் கணவர் மிசௌரியில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்கக் கோர்ட் சம்மனைப் பீரோவில் போட்டு மூடிவிடும் பெற்றோர் உண்டு. அங்கே வழக்கு ஒருதலையாக முடியும். குழந்தை, பணம், வீடு எல்லாம் அந்தத் தீர்ப்பில் போகும். கலிஃபோர்னியாவில் சம்மன் முறைப்படி கைக்கு வந்ததிலிருந்து பதில் தர 30 நாள்தான். உறையைப் பிரித்த அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு, இங்கே ஒரு வக்கீல், அந்த மாநிலத்தில் ஒரு வக்கீல் என்று இருவரையும் பாருங்கள்.