சேர்க்கை சரியில்லை என்று சொல்வதற்கு முன்

பெற்றோர் கூட்டம் முடிந்த ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என் பிள்ளை தங்கமான பிள்ளை டீச்சர். சேர்க்கைதான் சரியில்லை. அந்தப் பையனோட மட்டும் சேர விடாதீங்க" என்றார். அவர் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, 'அந்தப் பையனின்' அம்மா வந்தார். வார்த்தை பிசகாமல் அதையேதான் சொன்னார். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது.

தென்மாவட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை பாடம் எடுக்கிறேன். வீடு ஒரு பக்கம் இழுக்கிறது, கூட்டாளிகள் இன்னொரு பக்கம் இழுக்கிறார்கள், ஊர் வேடிக்கை பார்க்கிறது என்றுதான் பெற்றோர்கள் நினைக்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே கயிற்றின் புரிகளாகத்தான் தெரிகின்றன. ஊர் பேசுவதை வீடு பேசுகிறது. வீடு பேசுவதைப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவருகிறான். இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதால் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. சிலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

"இனிமே அவனோட பேசக் கூடாது"

முதல் தவறு இந்தத் தடையுத்தரவு. பன்றியோடு சேர்ந்த கன்று என்று பழமொழி வேறு துணைக்கு வந்துவிடும். தடை போட்டால் நட்பு நிற்பதில்லை, அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் தொடர்கிறது, அவ்வளவுதான். டியூஷன் போகிற வழியில், அடுத்த தெரு மைதானத்தில், இன்னொருவன் போனில். பெற்றோருக்கு நஷ்டம் என்னவென்றால், அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த செய்தியும் நின்றுபோகிறது.

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்துவைத்திருக்கிற பெற்றோரின் பிள்ளைகள் வம்புக்குப் போவது குறைவு என்று அதற்கு முன்பே பலர் கண்டிருந்தார்கள். அதனால் 'நன்றாகக் கண்காணியுங்கள்' என்பது வழக்கமான அறிவுரையாகிவிட்டது. இவர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து, அந்தப் பெற்றோருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று பார்த்தார்கள். துருவித் துருவிக் கேட்டோ, கட்டுப்பாடு போட்டோ தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். பெரும்பங்கு, பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னது.

ஆகவே பையைச் சோதிப்பது, போனை நோண்டுவது எல்லாம் இரண்டாம்பட்சம். வந்து சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் இல்லாத வீட்டில் பிள்ளை வாயைத் திறக்கிறான். அந்தக் கூட்டாளியை ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், இரண்டு தோசை போடுங்கள். நாலு முறை வந்து போனால் அவனைப் பற்றி உங்களுக்கே ஒரு அபிப்பிராயம் உண்டாகும். பெரும்பாலும், நினைத்த அளவுக்கு மோசமானவனாக இருக்க மாட்டான்.

ட்ரிபிள்ஸ்

ஒரே பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் கிடையாது, கையை விட்டுவிட்டு வேறு ஓட்டுவார்கள். பிடித்து நிறுத்திக் கேட்டால் ஆபத்து எல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். அறிவுரை சொல்லித் திருத்தப் பார்ப்பது இங்கேதான் வீணாகிறது. அவனுக்குத் தெரியாதது எதையும் நாம் சொல்வதில்லையே.

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விளக்கம். 13 முதல் 16, 18 முதல் 22, 24க்கு மேல் என்று வயதுவாரியாக மூன்று பிரிவினர், மொத்தம் 306 பேர். எல்லோரும் ஒரு கார் வீடியோ கேம் ஆடினார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போகலாம், புள்ளிகள் கூடும், ஆனால் எந்த நேரத்திலும் மோதல் வரலாம். சிலரைத் தனியாக ஆடவிட்டார்கள், சிலரைச் சக வயதினர் பக்கத்தில் இருக்க ஆடவிட்டார்கள். சக வயதினர் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னப் பிள்ளைகள் துணிந்தது, தனியாக ஆடியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரியவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. ஆறு வருடம் கழித்து டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மூளையை ஸ்கேன் செய்தபடி இதேபோன்ற ஆட்டத்தை ஆடவிட்டார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, பரிசு கிடைக்கும்போது கிளர்கிற மூளைப் பகுதிகள் பதின்வயதினரிடம் கூடுதலாக வேலை செய்தன.

அதாவது, தனியாக இருக்கும்போது உங்கள் பையன் உண்மையிலேயே நிதானமானவன்தான். "எங்க வீட்ல இப்படி இல்லையே" என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். மாறுவது அவன் புத்தி அல்ல, சுற்றி நிற்கிற ஆள். அதனால் புத்தி சொல்வதைக் குறைத்துக்கொண்டு சூழலை மாற்றுங்கள்: பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நண்பர்கள் முன்னால் "எங்கப்பா சாவி தரமாட்டேங்கிறார்டா" என்று பழியை உங்கள் மேல் போட அவனுக்கு ஒரு வசதியும் கிடைக்கும். இந்தப் பழி அப்பாக்கள் சந்தோஷமாகச் சுமக்க வேண்டிய ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டாளி என்றாலே கெடுப்பவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதியில் நின்றுவிட்ட பெண்ணை வீட்டுக்கே போய் அழைத்துவந்தது என் வகுப்பில் மூன்று பிள்ளைகள். பதினாறு வயதில் கல்யாணம் பேசிய வீட்டைப் பற்றி என்னிடம் வந்து சொன்னதும், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட வைத்ததும் கூடப்படித்த பிள்ளைகள்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பந்தலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் கட்டிய கயிறு

"இப்பல்லாம் யாரு டீச்சர் சாதி பார்க்கிறா" என்று சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. அதே வாய், பிள்ளை புதுக் கூட்டாளியின் பெயரைச் சொன்னதும் கேட்கிற முதல் கேள்வி: "எந்தத் தெரு? அவங்க என்ன ஆளுங்க?" மார்க் எவ்வளவு என்பதுகூட அப்புறம்தான். பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் எதைப் பார்த்துப் பழக வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடுவான்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 2019இலேயே இதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அமுங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவற்றைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றை அறுத்தால் போதுமா என்றால், போதாது. நான் கவனித்தவரை, முதலில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவன் பெரும்பாலும் வகுப்பில் வேறு எதற்கும் பெயர் வாங்காதவன். மார்க் இல்லை, கபடி டீமில் எடுக்கவில்லை, ஆண்டு விழா மேடையில் ஏறியதில்லை. 'நான் யார்' என்ற கேள்விதான் இந்த வயதின் பெரிய வேலை என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னார். அவரைத் தொடர்ந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்: சில பிள்ளைகள் எதையும் தேடிப் பார்க்காமலேயே பெரியவர்கள் நீட்டுகிற அடையாளத்தை அப்படியே எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ரெடிமேட் சட்டை மாதிரி. கோயில் கொடையில் சித்தப்பா கட்டிவிட்ட கயிறு, தலைவர் பிறந்தநாளுக்கு மாமா வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வகுப்பில் அதே நிறத்துக் கயிறு கட்டிய நாலு பேர். வீடு, ஊர், கூட்டாளி மூன்றும் ஒன்றாக வந்து 'நீ யார்' என்பதற்குப் பதில் சொல்லிவிடுகின்றன. காலணா செலவில்லாமல் அவன் ஒரு ஆள் ஆகிவிடுகிறான்.

அவனுக்கு ஆள் ஆவதற்கு வேறு இடம் வேண்டும். என்சிசி, கபடி, பறை, சைக்கிள் ரிப்பேர் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் பள்ளியில் ஒருவன் மைக் செட் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு கயிற்றை மறந்தே போனான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பள்ளிகள் செய்கிற தவறும் ஒன்று இங்கே இருக்கிறது. வம்பு பண்ணுகிற பையன்களையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரே செக்‌ஷனில் போடுவது, அல்லது அவர்களை மட்டும் ஒரு ஹாலில் உட்காரவைத்துக் கவுன்சிலிங் கொடுப்பது. தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலன் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான்: பிரச்சினையுள்ள பிள்ளைகளை ஒன்றுசேர்த்து நடத்திய சில திட்டங்களில் நடத்தை திருந்தவில்லை, மோசமானது. ஒருவன் சொன்ன அடாவடிக் கதைக்கு மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. கடைசி பெஞ்சைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது புரியும்.

"எல்லாம் வயசுக்கோளாறு"

இந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். விடலைப் பருவம் என்றாலே புயலும் கொந்தளிப்பும் என்று 1904இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால் எழுதினார். 1928இல் மானுடவியலாளர் மார்கரெட் மீட், சமோவா தீவுப் பெண்பிள்ளைகள் அப்படியொன்றும் கொந்தளிக்கவில்லை என்றார். அவர் பார்த்ததே தவறு என்று 1983இல் டெரெக் ஃப்ரீமன் கிளம்பினார். அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பெரிய கொந்தளிப்பில்லாமல்தான் இந்த வருடங்களைக் கடக்கிறார்கள். அதனால் ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டு மூலையில் கிடந்தால் அதை வயசின் மேல் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எதிர்ப்பக்கத் தவறு, காலையில் எழுந்திருக்க முடியாத பிள்ளையைச் சோம்பேறி என்பது. இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். ராத்திரி ஒன்பது வரை டியூஷன், காலை ஏழுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று நாமே பறித்துவிட்டு அவனைத் திட்டுகிறோம்.

தோழன் ஆகிவிடுவது

'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பதை இப்போது சிலர் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறார்கள். பையனோடு சேர்ந்து ரீல்ஸ் போடுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். பையனுக்குத் தோழர்கள் நிறைய இருக்கிறார்கள், அப்பா ஒருவர்தான். 'அடியாத மாடு படியாது' என்கிற கூட்டமும் இன்னும் குறையவில்லை. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களிலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, கண்டிப்பும் பாசமும் சேர்ந்து, ஏன் என்று காரணமும் சொல்லி வளர்ப்பதை மூன்றாவது வழியாக வைத்தார்.

வெளிநாட்டு அறிவுரைகளை அப்படியே வாங்கவும் வேண்டாம். பிள்ளைக்குத் தனி அறை கொடுங்கள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள் என்று போட்டிருக்கும். ஒரு ஹாலும் ஒரு சமையலறையுமாக ஐந்து பேர் இருக்கிற வீட்டில் எந்தக் கதவைத் தட்டுவது? துருக்கி உளவியலாளர் சிதெம் காத்சிபாஷி இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்: சொந்தமாக முடிவெடுப்பதற்குக் குடும்பத்தை விட்டு விலகித்தான் ஆக வேண்டும் என்றில்லை, நெருக்கமும் சுதந்திரமும் ஒரே ஆளிடம் இருக்கலாம். அறை இல்லாவிட்டாலும், அவன் நோட்டைப் புரட்டாமல் இருக்க நம்மால் முடியும்.

ஃப்ளெக்ஸ்

கடைசியாக என் தவறு. என் மகள் எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தாள். சடங்கு வேண்டாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "ஊர் மொய் எல்லாம் நாம எழுதியிருக்கோம், திருப்பி வாங்க வேண்டாமா" என்றார் மாமியார். தாய்மாமன் சீர் இறக்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று அவளை ஆளுக்கு ஆள் கவனித்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவளுக்கும் பட்டுப்புடவை பிடித்திருந்தது. ஆனால் தம்பி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். பெயர், போட்டோ, மஞ்சள் நீராட்டு விழா என்று கொட்டை எழுத்தில். அவள் வகுப்புப் பையன்கள் இறங்கி ஏறுகிற ஸ்டாப். அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. பிள்ளைகளின் மனசைப் பற்றி மேடையில் பேசுகிற டீச்சர்.

ஒரு மாதம் அவள் பஸ்ஸில் போகாமல் சைக்கிளில் போனாள். உடம்புக்கு நல்லது என்று நான் சந்தோஷப்பட்டேன். காலேஜ் இரண்டாம் வருடத்தில்தான், ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் சொன்னாள். நான் ஒன்றும் பேசாமல் ஓட்டினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரை இருவரும் பேசவில்லை. அப்புறம் அவளே, "அந்தப் போட்டோவாவது நல்ல போட்டோவா போட்டிருக்கலாம்மா" என்றாள்.