மாடல் ரயிலைப் படமெடுக்க போனைத் தலைகீழாக வையுங்கள்

மாடல் ரயிலைப் போனில் எடுக்கும்போது போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் இருக்கும் முனையைத் தண்டவாளத்தை ஒட்டி வையுங்கள். பொம்மை போலத் தெரிந்த இன்ஜின் நிஜ இன்ஜினாக நிமிர்ந்து நிற்கும்.

காரணம் பார்வை உயரம். தரையில் நிற்பவரின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1:87 அளவான எச்ஓ (HO) மாடலில் அது வெறும் 18 மில்லிமீட்டர். போனை நேராகப் பிடித்தால் லென்ஸ் அதைவிடப் பல சென்டிமீட்டர் மேலே போய்விடும், ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த மாதிரிதான் படம் வரும். படம் தலைகீழாகப் பதிவானால் எடிட்டிங்கில் 180 டிகிரி சுழற்றினால் போதும்.

போனின் விளிம்பு உலோகம் என்றால், மின்சாரம் ஓடும் இரண்டு தண்டவாளத்தையும் ஒருசேரத் தொட்டு ஷார்ட் ஆகலாம். மின்சாரத்தை நிறுத்துங்கள், அல்லது அடியில் ஓர் அட்டைத் துண்டு வையுங்கள். ரொம்ப நெருங்கினால் சில போன்கள் தாமாகவே அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவும். இன்ஜினின் மூக்கு புடைத்துவிடும். மேக்ரோவை (மிக நெருங்கி எடுக்கும் வசதியை) அணைத்து, ஒரு சாண் தள்ளி எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள். இந்தக் கோணத்தில் தூசு அப்பட்டமாகத் தெரியும், முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

1:160 அளவான ‘என்’ (N) ஸ்கேலுக்கு இது அரைகுறையாகத்தான் உதவும்: அங்கே கண் உயரம் 10 மில்லிமீட்டர்தான், பல போன்களின் லென்ஸ் அவ்வளவு கீழே இறங்காது. யார்டு (ரயில்கள் நிறுத்தும் இடம்) முழுவதையும் காட்ட வேண்டுமென்றாலும் மேலிருந்தே எடுங்கள்.