ஓபுவாவில் படகைக் கட்டுமுன்: நியூசிலாந்துக்குப் பாய்மரத்தில் வருவோருக்கு

டோங்காவிலிருந்து நியூசிலாந்தின் வடமுனைப் பக்கம் இருக்கும் ஓபுவாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் கடல் மைல். சாதாரணப் பாய்மரப் படகுக்கு ஏழிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். தெற்குப் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் படகுகள் வரிசையாக வந்து சேரும். வந்த பிறகு படும் சிரமங்களில் பெரும்பாலானவை கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகளால் வருபவை.

முதல் வேலை, படகின் அடிப்பகுதி. அந்நியக் கடலுயிர்கள் ஒட்டிக்கொண்டு வருவதை நியூசிலாந்து விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் தங்கப்போகும் படகின் அடியில் மெல்லிய பாசிப் படலமும், நடுக்கடலில் தொற்றும் காம்புள்ள கொட்டலசும் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வேறு எது ஒட்டியிருந்தாலும் சிக்கல். வந்து சேரும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் முழுவதும் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பதே எளிய வழி. பக்கவாட்டு பளபளவென்று இருந்தால் போதாது. சுக்கானின் மேல் இடுக்கு, கீலின் (படகின் அடியில் நீண்டிருக்கும் பாரப் பகுதி) அடிப்பரப்பு, புரொப்பல்லர், தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் வாய், அரிப்பைத் தடுக்கப் பொருத்தும் துத்தநாகத் தகடுகளின் பின்புறம் ஆகியவற்றில்தான் சிப்பி ஒளிந்திருக்கும், அதிகாரியின் கேமராவும் அங்கேதான் போகும். சுத்தம் செய்த ரசீது, தேதியோடு கூடிய புகைப்படங்கள், அடிப்பகுதிக்குப் பூச்சு அடித்த பில் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

முன்னறிவிப்புப் படிவம் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுக்கடலில் செயற்கைக்கோள் போனை நம்பிக் கிடக்காமல் டோங்காவிலேயே அனுப்பிவிடுவது நல்லது. வரும் நேரம் வெகுவாக மாறினால் மட்டும் ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும். கடைசித் துறைமுகத்தில் வாங்கிய புறப்பாட்டுச் சான்று கையில் இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் முன்கூட்டியே விசா எடுத்திருக்க வேண்டும்.

இனி அடுக்களை. காய், பழம், முட்டை, இறைச்சி, தேன், முளைக்கக்கூடிய விதை, பாப்கார்ன் சோளம் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருப்பவை. கடைசி வாரத்துச் சமையலை அதற்கேற்பத் திட்டமிட்டுத் தின்று தீர்த்துவிடுங்கள். மீந்ததை ஒளிக்காதீர்கள். இருப்பதை அதிகாரிகளிடம் சொல்லி ஒப்படைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். தீவுகளில் வாங்கிய பின்னல் பாய், மரச்சிற்பம், சிப்பி, இறகு ஆகியவற்றையும், மண் ஒட்டிய செருப்பையும் ஒரு பையில் போட்டு மேலாக வைத்தால் சோதனை சீக்கிரம் முடியும். உணவுக் கழிவைக் கொட்ட வேண்டுமானால் கரையிலிருந்து 12 மைலுக்கு வெளியே கொட்டுங்கள். பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக் கூடாது.

கடைசி நூறு மைலில் கணக்குப் போடுங்கள். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் இருபது மணி நேரம். கணக்கில் நள்ளிரவு வந்தால் அப்போதே பாயைக் குறைத்துவிடுங்கள். களைத்த கண், புதிய கரை, இருட்டு மூன்றும் சேர்வது ஆபத்து. விடியும்வரை காத்திருக்க, ஓபுவா இருக்கும் விரிகுடாவின் வாயிலில் உள்ள கேப் பிரெட் முனையிலிருந்து குறைந்தது முப்பது மைல் தள்ளி, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயை மடித்து, சுக்கான் பிடியைக் காற்றடிக்காத பக்கம் கட்டிவிட்டால் படகு ஏறக்குறைய நின்றபடி மெல்ல ஒதுங்கும். வடக்குக் காற்று பலமாக இருந்தால் ஒதுங்குவது கரையை நோக்கித்தான். இன்னும் தூரமாக நில்லுங்கள்.

எஞ்சினைக் கரை வந்த பிறகு கிளப்புகிறவர்கள் நிறைய. பத்து நாள் ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடியில் இருந்த வண்டல் கலங்கிப்போயிருக்கும். ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் நிற்பது சரியாக வாய்க்காலின் நடுவில்தான். இருபது மைல் வெளியிலேயே கிளப்பி அரை மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓட விடுங்கள். மாற்று ஃபில்டரும் ஸ்பேனரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாய் வழியே வெளியே கொட்டுகிறதா பாருங்கள். பின்னோக்கு கியர் விழுகிறதா என்று அங்கேயே சோதியுங்கள், படகு கட்டும் மேடையில் மோதித் தெரிந்துகொள்ள வேண்டாம். பயணத்துக்காகக் கழற்றி வைத்த நங்கூரத்தைச் சங்கிலியோடு திரும்பப் பூட்டுங்கள். எஞ்சின் கைவிட்டால் உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக் அதுதான்.

கேப் பிரெட் கலங்கரை விளக்கம் இடப்பக்கம் விலகியதும் விரிகுடாவுக்குள் வந்துவிடுவீர்கள். இடக்கையில் ரஸல், வலக்கையில் பையியா. நடுவே வெரோனிகா வாய்க்கால் ஓபுவாவுக்கு இட்டுச் செல்லும். உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்கக் கடலில் பழகியவர்களுக்கு இது தலைகீழ், களைப்பில் கை பழைய பழக்கத்துக்குப் போகும். குறுக்கே ஓடும் கார் ஃபெர்ரிக்கு வழி விடுங்கள்.

எல்லைக் கடலில் நுழைந்ததும் சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி வலப்பக்கம் ஏறியிருக்க வேண்டும். சோதனை முடியும்வரை வழியில் எந்தத் தீவிலும் நங்கூரம் போடக்கூடாது, வேறு படகோடு ஒட்டி நிற்கக்கூடாது, யாரும் இறங்கவோ ஏறவோ கூடாது. நேரே தனிமைப்படுத்தல் மேடைக்கு வாருங்கள். மரினாவின் (படகுகளைக் கட்டும் துறை) வெளி அலைதடுப்பான அது கரையோடு ஒட்டாதது. நினைத்தாலும் ஊருக்குள் நடக்க முடியாது. எந்தப் பக்கம் இடம் கிடைக்குமென்று தெரியாததால் இரு பக்கமும் ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை) தொங்கட்டும், கயிறுகள் முன்புறத்திலும் பின்புறத்திலும் தயாராக இருக்கட்டும்.

சுங்கத்தாரும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகளும் படகுக்கே வருவார்கள். பாஸ்போர்ட், பதிவுச் சான்று, புறப்பாட்டுச் சான்று, மருந்துச் சீட்டு எல்லாம் மேசை மேல் இருக்கட்டும். சிகரெட் ஒருவருக்கு 50தான் வரியில்லாமல். படகைத் தற்காலிகமாக வைத்திருக்கும் அனுமதியை (24 மாதம் வரை கிடைக்கும்) அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். குப்பையை அவர்கள் சொல்லும் பையில்தான் போட வேண்டும், ஊர்த் தொட்டியில் அல்ல. எல்லாம் முடிந்து கையெழுத்தானதும் மஞ்சள் கொடியை இறக்கிவிடலாம்.