காஸ்டர், போலக்ஸ் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க இரட்டை வீரர்கள் என்றதும் ரோமுலஸ், ரீமஸ் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது ரோம் நகரத்தின் கதை. ஸ்பார்ட்டாவுக்கு உரியவர்கள் காஸ்டரும் பாலிடியூசஸும். இரண்டாமவனை ரோமானியர்கள் போலக்ஸ் என்றார்கள். காஸ்டர் குதிரைகளை அடக்குவதில் வல்லவன், போலக்ஸ் குத்துச்சண்டை வீரன். பொன் ஆட்டுத்தோலைத் தேடி வீரர்கள் சென்ற ஆர்கோ கப்பல் பயணத்தில் அமிக்கஸ் என்ற அரசனைக் குத்துச்சண்டையில் வீழ்த்தியவன் போலக்ஸ்தான். அந்த வெற்றியைக் காஸ்டருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அதிகம் குழம்புவது பிறப்பில். ஹோமரின் ஒடிஸியில் இருவருமே ஸ்பார்ட்டா அரசன் டிண்டேரியஸின் பிள்ளைகள். பழைய துதிப்பாடல்களில் இருவருமே தேவர்களின் அரசன் ஸீயஸின் பிள்ளைகள். கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடும்போது போலக்ஸ் மட்டும் ஸீயஸின் மகன், காஸ்டர் மனிதனுக்குப் பிறந்தவன். தாய் லீடா ஒருத்தியே. இவற்றில் எதை எடுத்தாலும் சரிதான், ஆனால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். தொடக்கத்தில் இருவரையும் தெய்வப் பிள்ளைகளாக்கிவிட்டு, முடிவைப் பிண்டாரிடம் எடுத்தால் கதை உடைந்துபோகும். ஒருவன் சாகக்கூடியவன், மற்றவன் சாகாதவன் என்பதில்தான் அந்த முடிவே நிற்கிறது. முட்டையிலிருந்து பிறந்தது முதலில் இவர்களின் சகோதரி ஹெலனைப் பற்றிய கதை. சகோதரர்களை முட்டைக்குள் வைத்தது பிற்கால வழக்கு.

மரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய இழப்பு. பிண்டார் சொல்வது இது: மாடுகளை முன்னிட்டு ஐடாஸ், லின்சியஸ் என்ற சகோதரர்களோடு பகை மூள்கிறது. கூர்ந்த பார்வை கொண்ட லின்சியஸ், ஸ்பார்ட்டாவை அடுத்த டாய்ஜெடஸ் மலையிலிருந்து, ஒரு கருவாலி மரப்பொந்தில் இருக்கும் காஸ்டரையும் போலக்ஸையும் கண்டுவிடுகிறான். ஐடாஸின் ஈட்டி காஸ்டர்மேல் பாய்கிறது. போலக்ஸ் துரத்த, அவர்கள் தங்கள் தந்தையின் சமாதிக் கல்லைப் பெயர்த்து அவன் மார்பில் எறிகிறார்கள். அவன் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. லின்சியஸ் அவனுடைய வேலுக்கும், ஐடாஸ் ஸீயஸின் இடிக்கும் இரையாகிறார்கள். போலக்ஸ் திரும்பி ஓடிவந்தால் தம்பி காஸ்டருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸீயஸ் இரண்டு வழி காட்டுகிறார்: தனியாக ஒலிம்பஸில் என்றென்றும் வாழலாம், அல்லது எல்லாவற்றையும் தம்பியோடு பாதியாகப் பகிரலாம். போலக்ஸ் ஒரு கணமும் தயங்கவில்லை. காஸ்டரின் கண் முதலில் திறக்கிறது, பிறகு குரல் வருகிறது. இந்தக் கவிதையின் உயிர் இந்த இடம்தான்; சண்டைக்குக் காரணம் மணப்பெண்கள் என்று சொல்லும் பிற்காலக் கவிஞர் தியோக்ரிட்டஸின் கதையை இதோடு கலந்து இதை மழுங்கடிக்க வேண்டாம். அவர் பாடலில் லின்சியஸைக் கொல்வதே காஸ்டர்தான்.

அந்தப் பாதிப் பகிர்வை “ஆறு மாதம் மேலே, ஆறு மாதம் கீழே” என்பதும் தவறு. பிண்டாரின்படி ஒரு நாள் ஸீயஸிடம், மறுநாள் ஸ்பார்ட்டாவுக்கு அருகிலுள்ள தெரப்னேயில் மண்ணுக்கடியில், அதுவும் இருவரும் சேர்ந்தே. ஒருவன் ஏறும்போது மற்றவன் இறங்குகிறான் என்பது வேறொரு வழக்கு.

டிராய் போரில் இவர்கள் சண்டையிடவில்லை. ஹோமரின் இலியட்டின் 3ஆம் காண்டத்தில் ஹெலன் மதில்மேல் நின்று கிரேக்கப் படையில் தன் சகோதரர்களைத் தேடுகிறாள். அவர்கள் ஏற்கெனவே தாய்நாட்டு மண்ணில் புதைந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

நம்மவர்கள் செய்யும் தவறு, இவர்களை அசுவினி தேவர்களோடு ஒன்றாக்குவது. இரு இணையருக்கும் குதிரைத் தொடர்பு உண்டு, கடலில் தத்தளிப்போரைக் காப்பதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவர்கள்தான். ஆனால் வானில் அசுவினி மேஷ ராசியில் இருக்கிறது. காஸ்டரும் போலக்ஸும் மிதுனத்தில், நாம் புனர்பூசம் என்கிற விண்மீன்கள். பிப்ரவரி நடுவில் இரவு 10 மணிக்கு, உச்சிக்குச் சற்று வடக்கே பாருங்கள். வடக்கில் வெண்மையாக இருப்பது காஸ்டர், அதற்குத் தெற்கே மஞ்சள் கலந்து இன்னும் பளிச்சென்று தெரிவது போலக்ஸ். விண்மீன் பட்டியல்களில் ஆல்ஃபா என்ற முதல் கிரேக்க எழுத்து காஸ்டருக்குத் தரப்பட்டிருப்பதால் அதுவே பிரகாசமானது என்று எழுதிவிடாதீர்கள்.